எங்கே குடிக்கிறான்

எங்கள் வீட்டுத் தொட்டிலுக்குக் காது உண்டு. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க முடியாதாம். அதனால் வீட்டில் பேசுகிற பேச்சைக் கேட்டு, பிள்ளை வேளைக்கு எவ்வளவு குடித்தது என்று அதைக் கொடுத்த பிள்ளைநல ஆபீசுக்குச் சொல்லிவிடும். அந்தச் சனியனை நான் முதலிலிருந்தே நம்பவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பவுனு வந்தாள். "என்னடி சுடரு, ஒம் மகன் ரெண்டு மாசத்துலயே கும்முனு இருக்கான்! வேளைக்கு எம்புட்டுடி குடிக்கிறான்?"

"அட போங்கக்கா, எங்க குடிக்கிறான்? வாயில வச்சதும் தூங்கிருதான்" என்றாள் என் மகள். கண் பட்டுவிடுமே என்று எந்தத் தாயும் சொல்கிற பேச்சுதான்.

மறுநாளே ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, பட்டினிப் பிள்ளை என்று காப்பகத்துக்குக் கொண்டுபோகத் தூக்கிக்கொண்டார்கள்.

"கண்ணு படக்கூடாதுன்னு சொன்னதுய்யா அது! அவன் தொடையைப் பாருங்கய்யா!" என்று கத்தினேன்.

"கண்ணுலயும் கோளாறா, தாத்தா?" என்று கேட்டு, ஒருத்தன் அதையும் எழுதிக்கொண்டான்.

அங்கே புட்டிப் பாலைப் பிள்ளை துப்புகிறானாம். இங்கே சுடருக்கு மாரில் பால் கட்டிக் காய்ச்சல். பீய்ச்சி எடுத்துப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பாலைக் கால் படாத இடமாகப் பார்த்து முருங்கை மரத்து மூட்டில் ஊற்றுகிறாள்.

ஊற்றிவிட்டு வந்து, காலித் தொட்டிலுக்குள் குனிந்து சத்தமாகச் சொல்கிறாள்: "இந்த வேளை வயிறு முட்டக் குடிச்சான்."