அதே விளையாட்டு, பாதி விலை

"ரெண்டும் ஒரே விளையாட்டுதானே? அப்புறம் எதுக்கு ரெட்டை விலை?" என்று அண்ணன் கேட்டது கடை முழுக்கக் கேட்டது.

கவுன்ட்டரின் ஒரு பக்கம் கன்சோல், பருத்த அகராதி அளவுக்கு அடக்கமாக இருந்தது. மறுபக்கம் கண்ணாடி வைத்த கம்ப்யூட்டர் பெட்டி. உள்ளே விசிறிகள் நீலமும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்தன.

தம்பி கேட்டது கம்ப்யூட்டரை.

விற்பனைப் பெண் பொறுமைசாலி. கம்ப்யூட்டர் என்றால் விளையாட்டுகள் மலிவாகக் கிடைக்கும், நாலு வருடம் கழித்து கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வேறு வேலைக்கும் ஆகும் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

அண்ணன் விடுவாரா? அந்தக் கிராபிக்ஸ் கார்டு விலைக்கே ஒரு முழு கன்சோல் வந்துவிடுகிறதே என்று பிடித்துக்கொண்டார். மானிட்டர் தனி, கீபோர்டு தனி, மவுஸ் தனி. கன்சோல் என்றால் வீட்டு டி.வி.யில் சொருகினால் தீர்ந்தது. சரி, இந்தக் கலர் விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டால் எவ்வளவு குறையும் என்றும் கேட்டார்.

கணக்கு என்னவோ அவர் பக்கம்தான் இருந்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்ட, அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கதவுக் கீல் செய்யும் பட்டறை நடத்துகிறவர். ஓர் ஆணி வாங்க நாலு கடை ஏறி இறங்குவார். பேரம் என்று வந்துவிட்டால் அவருக்குக் கண்மண் தெரியாது. பட்டறையில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயரே 'பாதி விலை'. அது தெரிந்தும் கோபப்படாமல், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே நடமாடிக்கொண்டிருந்தார்.

தம்பி இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டபடி நின்றான். அண்ணன் அவனுக்கு வலப்பக்கம். இரண்டு வருடங்களாக அப்படித்தான். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சரி, சாப்பிட உட்கார்ந்தாலும் சரி, தேடிப் போய் வலப்பக்கத்தில்தான் இடம் பிடிப்பார்.

அந்த இரண்டு வருடத்தில் தம்பி வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் இது. என்ன விலையானாலும் வாங்கித் தருகிறேன் என்று நேற்றுத்தான் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கியது. இன்றைக்கு விலைச்சீட்டைப் பார்த்ததும் பழைய ஆள் விழித்துக்கொண்டார்.

"கன்சோல்ல என்னடா குறை? வாயைத் தொறந்து சொல்லேன்."

"ஃப்ரெண்டு வீட்ல ரெண்டுலயும் ஆடிப் பார்த்தேண்ணா. எனக்குக் கீபோர்டுதான் சரியா வருது."

பழகினால் எல்லாம் வரும் என்று அண்ணன் கன்ட்ரோலரை எடுத்து அவனிடம் நீட்டினார். இவ்வளவு பேர் பார்க்கிறார்களே, ஆடிக் காட்டட்டும், அப்புறம் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

தம்பி அதை வலது கையால் வாங்கிக்கொண்டான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

பெரிய திரையில் ஒரு வீரன் தெருமுனையில் வந்து நின்றான். தம்பியின் வலது கட்டைவிரல் அசைந்தது. வீரன் அந்தப் பக்கம் திரும்பினான், இந்தப் பக்கம் திரும்பினான், அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

"நடக்கறதுக்கு இடது கட்டைவிரல் சார்," என்று விற்பனைப் பெண் உதவிக்கு வந்தாள்.

தம்பி பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்துக் கன்ட்ரோலரின் மறுபக்கத்தைத் தாங்கினான். அந்தக் கையில் கட்டைவிரல் இல்லை. அதற்கடுத்த விரலும் இல்லை. மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை மடக்கிக் குமிழை எட்டப் பார்த்தான். கன்ட்ரோலர் நழுவிக் கவுன்ட்டரில் விழுந்தது.

சிரிப்பு நின்றது. விற்பனைப் பெண் விலைச்சீட்டைச் சரிசெய்கிறவளைப்போலக் குனிந்துகொண்டாள்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. எதைப் பார்க்காமல் இருக்கத் தினமும் அவ்வளவு பாடுபடுகிறாரோ, அந்தக் கையை எப்படி மறந்தார்? மறந்துதான் போயிருந்தார். இரண்டு விலைச்சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது போதும் அவருக்கு. வெட்கத்தில் காதுமடல் எரிந்தது. சிரித்த வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தம்பி கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டான்.

"கன்சோலே போதும்ணா. ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணன் கம்ப்யூட்டரைத் தொட்டுக் காட்டிப் பில் போடச் சொன்னார். கேட்காமலேயே ஐந்து சதவீதம் குறைத்துத் தருவதாக விற்பனைப் பெண் சொன்னாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

ரெண்டும் ஒண்ணுதான் என்று தம்பி சொன்னது அவருடைய வார்த்தைதான். இரண்டரை வருடங்களுக்கு முன் வேறொரு கடையில், இதேபோல அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இதே சத்தத்தில் அவர் சொன்னது. அங்கேயும் இரண்டு இருந்தன. பட்டறைக்குத் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின்கள்.

ஒன்றில், கை உள்ளே போனால் தானாக நின்றுவிடுகிற சென்சார் வைத்திருந்தார்கள்.

மற்றதில் அது கிடையாது. பாதி விலை.