தோற்றோம் என்று சொன்னவன்

“செத்தவனைச் செத்தான்னு சொன்னா குத்தமாய்யா? கண்ணால பார்த்தவன் சொல்றேன், நிக்கோபோலிஸ்ல துருக்கன்கிட்ட நாம அடியோட தோத்துட்டோம்!”

சிறைக் கம்பியைப் பிடித்து உலுக்கினான் கொலார். குதிரைக்காரன். வசந்தத்தில் தன் பிரபுவோடு சிலுவைப் போருக்குப் போனவன், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கந்தலோடு தனியாளாகப் பாரிசுக்குத் திரும்பியிருந்தான். வந்ததும் வராததுமாகச் சந்தையில் நின்று தோல்விச் சேதியைச் சொன்னான். அன்றைக்கே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

பின்னே? பிரெஞ்சுப் பிரபுக்கள் தோற்பார்களாம், அதைக் குதிரைக்குப் புல் போடுகிறவன் வந்து சொல்வானாம்! சேதி பொய்யென்று தெரிந்தால் அவனைச் சாக்கில் கட்டிச் சேன் நதியில் போடச் சொல்லி உத்தரவு.

“கத்தாதேடா,” என்றார் காவலர் ரவூல். “ஊரே வெற்றி விருந்துக்குக் காத்துக்கிட்டிருக்கு. நீ ஒருத்தன் ஒப்பாரி வைக்கிறே.”

கம்பிக்கு வெளியே மனைவி பெரெத் அழுதுகொண்டிருந்தாள். அவள் தம்பி ழாக்கேயும் அதே படையில் போனவன்.

“குடிபோதையில உளறிட்டேன்னு சொல்லிடுய்யா. சவுக்கடியோட விட்டுருவாங்க.”

“அப்புறம்? பிரபுவை விட்டுட்டு ஏன்டா தனியா வந்தேன்னு கேட்டுத் தூக்குல போடுவானுங்க.”

“என் தம்பி அம்பு பட்டுச் செத்தான்னு அன்னிக்குச் சொன்னே. நேத்து ஈட்டின்னே. எதைய்யா நான் நம்புறது?”

“எல்லாந்தான் பட்டுது, போ! அந்தக் களேபரத்துல நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டா இருந்தேன்?” கொலார் சுவரில் முட்டிக்கொண்டான். “கட்டினவளே நம்பலைன்னா ஊரான் எங்கே நம்பப்போறான்!”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“நீ சொல்றது நெசம்னா என் தம்பி இல்லை. பொய்னா என் புருஷன் இல்லை. மாதா கோயில்ல போய் நான் என்னத்தைய்யா வேண்டிக்கிறது?”



கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு காலையில், பாரிசின் அத்தனை கோயில்களிலும் சாவு மணி அடித்தது.

ரவூல் ஓடிவந்து பூட்டைத் திறந்தார். கண்கள் சிவந்திருந்தன. “மன்னிச்சிருப்பா. துருக்கன்கிட்ட கைதியா இருந்த பிரபு ஒருத்தரே வந்து ராஜாகிட்ட சொல்லிட்டாராம். எல்லாம் நீ சொன்னபடியேதான். உங்க பிரபுவோட படையில ஒருத்தரும் மிஞ்சலையாம்.”

பின்னாலேயே வந்த பெரெத், தம்பி பெயரைச் சொல்லி அலறியபடி அவனைக் கட்டிக்கொண்டாள். “உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, பாவி நான்!”

கொலாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் காதருகே குனிந்து மெல்லக் கேட்டான்:

“நெசமாவே தோத்துட்டோமா?”