பெயர் எடுக்க வந்தவர்

"படம் போடுற பொண்ணை எவன் கட்டுவான்?" என்று மகள் பவுலினை வீட்டில் நிறுத்திவிட்டு, பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட ஓவியக் கல்லூரிக்கு வந்தார் ஜெயராஜ்.

"சார், என் பொண்ணு..."

"இவ்வளவு லேட்டா? பேசாம ஸ்டூல்ல உட்காருங்க. ஜன்னலைப் பாருங்க, அசையாதீங்க" என்றார் வாத்தியார்.

கண்டோன்மென்ட் ஆபீஸில் துரைமாருக்குப் பயந்து பழகிய உடம்பு, சொன்னபடி உட்கார்ந்தது. மாணவர்கள் அவரவர் பலகை முன்னால் எழுந்து நின்றார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டார்.

மணி அடித்தது.

"உங்களை மாதிரி அசையாத மாடல் இதுவரைக்கும் வந்ததில்லை. நாளைக்கும் இதே கோட்டோட வாங்க, மூக்கு பாக்கி."

ஜெயராஜ் திரும்பினார். பலகைதோறும் மூக்கில்லாத ஜெயராஜ்.

வீட்டு வாசலிலேயே பவுலின் கேட்டாள். "பேரை எடுத்துட்டீங்களாப்பா?"

"இரும்மா, முதல்ல என் மூக்கு முடியட்டும்."