வியாழக்கிழமை டாக்டர்

எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் கை நிற்கிறது என்று செர்வா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மருந்துச் சீட்டில் நோயாளியின் பெயர். வயது எழுபத்தொன்று. நேற்றைய தேதி. வலி மாத்திரை ட்ராமடால், ஐம்பது மில்லிகிராம், சாப்பிட்ட பின் மூன்று வேளை, பத்து நாள். எதுவும் விடுபடவில்லை. பார்வை கீழே இறங்கிக் கையெழுத்தில் நின்றது.

ஒய். பொன்சு.

இந்த மாத்திரைக்கான சீட்டை மருந்துக் கடையிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு மருந்து ஆய்வாளர் வருகிறார். சீட்டுகள் ஒத்துப்போகாததால் குமாசியில் இந்த மாதம் மட்டும் இரண்டு கடைகளுக்குப் பூட்டு விழுந்திருந்தது. அவள் கோப்பில் டாக்டர் பொன்சுவின் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. அத்தனையிலும் கே. பொன்சு. கானாவில் பிறந்த கிழமைதான் பெயர்: கே என்றால் குவாக்கு, புதன், ஒய் என்றால் யாவ், வியாழன்.

"யார் அண்ணே எழுதிக் குடுத்தது?"

"பொன்சு டாக்டர்தான்." கவுண்டருக்கு வெளியே நின்ற டொன்கோர், கோகோ லாரி ஓட்டுபவர். "அம்மாவுக்கு எலும்புல புத்துநோய். படுக்கவும் முடியல, உக்காரவும் முடியல. சீக்கிரம் குடுங்க மேடம்."

"டாக்டர் புதன்கிழமை பிறந்தவரு. இதுல வியாழன்னு இருக்கு."

"நான் மாத்திரை வாங்க வந்தேனா, அவருக்குப் பேர் வைக்க வந்தேனா?"

"நாலு வருஷமா அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். இது அது இல்ல."

"அப்ப போன் போட்டு அவரையே கேளுங்க."

அவள் போனைத் தொடவில்லை. அந்த மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் அவளை என்னவோ செய்தது. ஒரு கணம் விரல்கள் மாத்திரை அலமாரியின் சாவியைத் தேடிப் போய்த் திரும்பின.

"பத்து நாளைக்கு வேணாம். ரெண்டு நாளைக்காவது குடுங்க மேடம். அவங்க முனகுறத என்னால கேக்க முடியல."

செர்வா சீட்டை மடிப்புக் கலையாமல் மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. இந்தச் சீட்டுக்கு நான் மருந்து தர முடியாது."

நான்கு ஆண்டுகளுக்கு முன், சீட்டில்லாமல் விற்ற மாத்திரைகளுக்காக முதல் பொய்ச் சீட்டை எழுத உட்கார்ந்தபோது, டாக்டர் எந்தக் கிழமை பிறந்தவர் என்று தெரியாமல் அவள் குத்துமதிப்பாகப் புதன் என்று போட்டிருந்தாள்.