செவுளில் ஐஸ்

"ஏங்க, ஆத்து மீனோட செவுள்ல ஐஸ் எப்படிங்க வரும்?"

அரிவாள்மனையில் உட்கார்ந்தபடியே பில்கிஸ் கேட்டாள். தபரேஸ் கொடியில் துண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னா ஐஸு?"

"இதோ." மீனின் செவுளை விரலால் தூக்கிக் காட்டினாள். உள்ளே சின்னதாக ஒரு ஐஸ் துண்டு.

"தண்ணி ஜில்லுனு இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

பாலாற்றில் புதுத்தண்ணி வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், வீச்சு வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற மனுஷன், ஒருநாள் ஆற்றில் நின்றுவிட்டு வரட்டுமே என்று அவளும் விட்டுவிட்டாள். திரும்பி வரும்போது பையில் மீன் இருக்கும். ஆனால் கடையில் வாங்கிய மீன் என்றால், காலையெல்லாம் ஐயா எங்கே போகிறார்?

ஐஸ் கதையைக் கேட்ட பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் வேறு தூபம் போட்டாள்.

"மீன் பிடிக்கிறேன்னு போறவன் எதுக்குடி மீன் வாங்கணும்? அவங்க கம்பெனில பொம்பளைங்க ஜாஸ்தி. பாத்துக்கோ."

அன்றைக்குப் பில்கிஸுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் பைக் தெருமுனையில் திரும்பியதும் புர்காவை மாட்டிக்கொண்டாள். பிள்ளைகள் அலீனாவையும் ஷாஹித்தையும் கோவிந்தம்மாளிடம் விட்டாள்.

"அக்கா, வர லேட்டாகும். வெள்ளிக்கிழமை பிரியாணி குடுத்த கிண்ணம் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குது, இருக்குது. வெறும் கிண்ணத்தையா தர்றது? எதனா செஞ்சு தர்றேன், போ."

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே கிண்ணம் காலியாகப் போனதே இல்லை.

ஷேர் ஆட்டோ பிடித்துப் பாலத்தில் இறங்கினாள். அங்கே அவன் இருக்கமாட்டான் என்று மனசு அடித்துச் சொன்னது.

இருந்தான்!

தடுப்பணைக்குக் கீழே, இடுப்பளவு தண்ணீரில், தோளில் வலையோடு நின்றான். பக்கத்தில் எவளும் இல்லை. ஒரே வீச்சு. வலையை இழுத்தபோது கொள்ளாத மீன்.

அப்புறம் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. பில்கிஸ் பாலத்துக் கைப்பிடி மேல் எட்டிப் பார்த்தாள். இறங்கியது ஒரு தாடிக்காரன். வண்டியின் பின்னால் நீல கேன் கட்டியிருந்தான். தபரேஸ் மீன் மொத்தத்தையும் அதில் கொட்டினான். தாடிக்காரன் போய்விட்டான்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. கரையில் இறங்கி முகத்திரையைத் தூக்கினாள்.

"இவ்ளோ மீனையும் எவனுக்கோ குடுத்துட்டு, எனக்கு எதுக்குக் கடை மீனு?"

தபரேஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு சிரித்தான்.

"சந்தேகமா? பின்னாடி திரும்பிப் பாரு."

தோல் கம்பெனிகள் பக்கமிருந்து வரும் கழிவுக் கால்வாய், தடுப்பணைக்கு அடியிலேயே ஆற்றில் விழுந்தது. கன்னங்கரேல் என்று தண்ணீர், அதன்மேல் நுரை. பில்கிஸ் மூக்கை மூடிக்கொண்டாள்.

"புதுத்தண்ணிக்கு மீன் எதிர்த்து ஏறி வரும். அணையத் தாண்ட முடியாம இந்தப் பள்ளத்துலயே சுத்தும். கறுப்புத் தண்ணி கலக்கிற எடமாப் பாத்து வீசணும். மூச்சு முட்டி, வாயப் பொளந்துக்கிட்டு தானா மேல வந்துடும். வாரி எடுத்துக்க வேண்டியதுதான்."

"அந்த மீனை அவன் இன்னா பண்ணுவான்?"

"தெருத்தெருவா விப்பான்."

"வாங்கித் தின்றவங்க?"

"யாரோ. நமக்குத் தெரிஞ்சவங்களா இன்னா?" அவன் அவள் தோளில் கை வைத்தான். "இந்தக் கண்றாவிய நம்ம புள்ளைங்க வாயில வெப்பேனா, பில்கிஸ்? அதான் அவன் குடுக்குற காசுல மார்க்கெட்ல நல்ல கட்லாவா பாத்து வாங்கியாறேன்."

பில்கிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் மேல் இவ்வளவு பாசமா! இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வாங்கித் தின்கிறவர்களைப் பற்றிய உறுத்தல் கொஞ்சம் இருந்தது. பைக்கில் ஏறி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டதும் அதுவும் போய்விட்டது.

மார்க்கெட்டில் நிதானமாகக் கட்லா பார்த்து வாங்கினார்கள். ஹோட்டலில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வர மதியமாகிவிட்டது.

கோவிந்தம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் அதே கிண்ணம், தளும்பத் தளும்பக் குழம்பு.

"கட்லாவா? அந்த ஐஸ் மீனை ஃப்ரிட்ஜ்ல வையி. இன்னிக்கு நம்ம தெருவுக்குப் புதுசா ஒரு தாடிக்காரன் வந்தாண்டி, டிவிஎஸ்ல நீல கேனைக் கட்டிக்கிட்டு. செவுளைத் தூக்கிப் பாத்துத்தான் வாங்கினேன். ஒரு பொட்டு ஐஸ் இல்ல! வாயப் பொளந்துக்கிட்டு உசுரோட கிடந்துச்சு!"

கிண்ணத்தை வாங்க இரண்டு பேர் கையும் எழவில்லை.

"பிடிடி, சுடுது. புள்ளைங்களுக்கு எடுத்து வெக்க வேணாம், அதுங்க ரெண்டும் தலையைக்கூட விடாம சாப்ட்டுட்டுத் தூங்குதுங்க."