தலையில் கோடு போட்ட எழுத்து

"பிரான்ஸ்காரனுக்கு டைப் பண்ணத் தெரியல, மிஸ். நீங்களே பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார் சுரேந்திரன்.

அந்தத் தோட்டத்து ஆபீஸுக்கு அவர் கிளாக்கராக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பிரான்ஸுக்குப் போகிற முதல் தேயிலை இது. பெட்டியில் ஒட்ட வேண்டிய வாசகத்தை, வாங்குகிறவர்கள் ஈமெயிலில் அனுப்பியிருந்தார்கள். மூன்று மணிக்கு லொறி. லேபிள் இல்லாமல் லொறி நின்றால் தோட்ட மேனேஜரான பெரிய தொரை அவரை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். விடிந்ததும் விடியாததுமாக நிவித்திகல டவுனில் இருக்கும் ஜவ்பரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டு ஆள் கேட்டிருந்தார்.

குடையும் கையுமாக வாசலில் வந்து நின்ற இந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. வாயெடுக்க விடாமல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"ஐயா, நான் வந்தது..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல இதப் பாருங்க."

அவள் பார்த்தாள். தலையில் கோடு போட்ட e வர வேண்டிய இடத்தில் எல்லாம், தலையில் புழு நெளியும் ஒரு A-யும் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு c-யும் நின்றன.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கததான் ஐயா இது" என்று சிரித்தாள். "எழுதினவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. வாசிக்கிற மெஷின்தான் தப்பா வாசிக்குது."

"அதெப்படி?"

"கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாதுங்க. எந்த எழுத்துக்கு எந்த எண்ணுன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கும். அவங்க பட்டியல்ல இந்த ஒரு எழுத்துக்கு ரெண்டு எண். நம்ம மெஷின் பழைய பட்டியல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு எழுத்தா வாசிக்குது. அதான் ஒண்ணு ரெண்டாயிருச்சு."

"மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"கோடில்லாத இங்கிலீஷ் எழுத்து, ஒண்ணு ரெண்டு மூணு, இதெல்லாம் ரெண்டு பட்டியல்லயும் ஒரே மாதிரிங்க. அதுக்கு ஒரு சேதாரமும் வராது. கோடு போட்ட எழுத்து, நம்ம தமிழ், சிங்களம், இதுகதான் மாட்டிக்கும்."

ஃபைலை மூடி, பட்டியலை மாற்றித் திரும்பத் திறந்தாள். புழுவும் வட்டமும் போன இடம் தெரியவில்லை. சற்று நேரத்தில் லேபிள்கள் மளமளவென்று வெளியே வந்தன. சுரேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க நல்லா இருக்கணும், மிஸ். இனிமே இப்படி வந்தா என்ன செய்யணும்?"

"எழுதித் தர்றேங்க. ஒரு தாள் குடுங்க."

ஒரு பக்கம் வீணாய்ப்போன தாள்களைக் கட்டி வைத்து, மறுபக்கத்தில் பறித்த கொழுந்தின் நிறுவைக் கணக்கு எழுதுவது அந்த ஆபீஸின் வழக்கம். அந்தக் கட்டிலிருந்து மேலே கிடந்த ஒரு தாளை உருவிக் கொடுத்தார். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"சேர், ஜவ்பர் பேசுறேன். மன்னிச்சுக்கங்க, நம்ம ஆளு நாளைக்குத்தான் வருவாரு."

சுரேந்திரன் போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப நீங்க யாரு?"

அவள் எழுதி முடித்த தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் முழுக்க, தலையில் சாய்ந்த கோடு போட்ட a வரிசை வரிசையாக அச்சாகியிருந்தது. அதன் குறுக்கே சுரேந்திரனின் சிவப்புப் பேனா: 'டைப் பண்ணத் தெரியாதவர். வேண்டாம்.' அடியில் ஒரு போன் நம்பர் மட்டும் ஒழுங்காக இருந்தது.

"போன மாசம் இந்த ஆபீஸ் வேலைக்குத் தமிழ்ல ஒரு அப்ளிகேஷன் ஈமெயில்ல அனுப்பியிருந்தேங்க. பதிலே வரலையேன்னு கேக்கத்தான் வந்தேன்" என்று தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "அடியில இருக்கிற நம்பர் என்னோடது, ஐயா."