நறநறப்பு

வெவே ஊரில், ஓடைத் தண்ணீரில் சுற்றும் சாக்லேட் ஆலை பாஸ்கால் ஜுனோவுடையது. ரோசாலியின் நாக்கைத்தான் அவர் நம்பினார். நான்கு வருடமாகத் தினமும், தன் புது அரைவை இயந்திரத்தில் வந்த சாக்லேட்டில் ஒரு துண்டை அவளிடம் நீட்டுவார்.

“இன்னும் நறநறங்குது முதலாளி” என்பாள். அவர் பெருமூச்சு விட்டபடி இயந்திரத்தின் உருளைகளைத் திருத்தி மறுபடியும் அரைப்பார்.

இன்று துண்டை மென்று விழுங்கினாள்.

“வெண்ணெயாட்டம் இருக்கு.”

“அப்பாடா!” ஜுனோ நாற்காலியில் சரிந்தார்.

ரோசாலி மேலங்கியைக் கழற்றி மடித்தாள். ஆலையில் கல்லில் கையால் அரைக்கும் கடைசிப் பெண் அவள்தான். இயந்திரம் அவளை மிஞ்சினால் அன்றோடு அவளுக்கு வேலை இல்லை என்பது பேச்சு.

அவருக்கு மனசு கேட்கவில்லை. “இன்னைக்கும் நறநறங்குதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, ரோசாலி?”

“நாலு வருஷமா அதைத்தானே சொன்னேன்? உங்க மூஞ்சியப் பாத்து, இதுக்கு மேல முடியல முதலாளி.”